வளைந்து காக்கும் வடவேலி

வேலி என்றதும் அசையாது நிற்கும் ஒன்றையே நாம் எண்ணுகிறோம். தோட்டத்து வேலி ஆடினால் கால் சரியாக ஊன்றப்படவில்லை என்று கொள்கிறோம். சுவர் விலகினால் கொத்தனாரைக் கடிந்துகொள்கிறோம். நெடுஞ்சாலையில் வழி தவறி வரும் மோட்டார் வண்டியைத் தடுப்பதற்கென அமைக்கும் வேலியும் அவ்வாறே உறுதியாக நிற்கவேண்டும் என்று கருதுவது இயற்கை. ஆயினும் உலகின் பல நாடுகளில் சாலைப் பொறியாளர்கள் இதற்கு மாறான வேலி ஒன்றை அமைத்து வருகின்றனர். மெல்லிய கால்களின்மீது மூன்று அல்லது நான்கு எஃகு வடங்களை இழுத்துக் கட்டிய வேலி அது. வண்டி மோதியவுடன் அதன் கால்கள் சாய்கின்றன. வடங்கள் இரண்டு அல்லது மூன்று மீட்டர் தூரம் விலகிக்கொடுத்து, வண்டியைத் தாங்கி, வந்த திசையிலேயே ஓடவிட்டு நிறுத்துகின்றன. விலகிக்கொடுப்பதனாலேயே வண்டியினுள் இருப்போர் பிழைக்கின்றனர்.

நெசவாளரும் விவசாயியும் இதனைத் தெரிந்துகொள்வதனால் ஆகும் பயன் யாது என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நமது சங்கங்களின் துணி மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் இரவு முழுவதும் லாரிகளில் பயணம் செய்கின்றன. அவற்றோடு ஓட்டுநரும், சுமை ஏற்றுவோரும், சில வேளைகளில் அங்கத்தினரும் செல்கின்றனர். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். அன்றியும், சாலை அகலமாகும்போதெல்லாம் யாருடைய நிலம் போகிறது என்ற வினாவும் உண்டு. வடவேலியைப் பற்றிய செய்தி இவ்விரண்டையும் தொடுகிறது.

மோதலின் கணக்கு

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்று, ஓட்டுநர் கண்ணயர்ந்தமையாலோ சக்கரம் வெடித்தமையாலோ திசை மாறி, வேலியின்மீது 20 பாகைக் கோணத்தில் சாய்வாக மோதுகிறது என்று கொள்வோம். இந்த வேகத்தை இரு கூறாகப் பிரித்துக் காணலாம். வேலியின் நீளவாட்டில் செல்லும் கூறு மணிக்கு 84 கிலோமீட்டருக்குச் சிறிது மிகுதி. வேலியை நோக்கிக் குறுக்கே செல்லும் கூறு ஏறத்தாழ 31 கிலோமீட்டர். வேலி உடனே தடுக்கவேண்டியது இந்தக் குறுக்கு வேகத்தை மட்டுமே. நீளவாட்டு வேகத்தை வண்டி வேலியை உரசிக்கொண்டே ஓடிச் சிறிது சிறிதாக இழக்கலாம்.

அந்த 31 கிலோமீட்டர் வேகத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அசையாத சுவராயின், வண்டியின் உடல் நசுங்கும் அளவே நிற்பதற்குக் கிடைக்கும் இடம். அதனை 30 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே அமர்ந்திருக்கும் 60 கிலோகிராம் எடையுள்ள மனிதரின்மீது அந்தக் கணத்தில் சராசரியாக 740 கிலோகிராம் பாரம் சுமத்தியதற்கு ஒப்பான விசை தாக்கும். வேலி இரண்டு மீட்டர் விலகிக்கொடுக்குமாயின் அதே மனிதரின்மீது தாக்குவது ஏறத்தாழ 110 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையே. வேகமும் ஒன்று, மனிதரும் ஒருவர். வேறுபட்டது நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டுமே. கிணற்றுக் கட்டையிலிருந்து கட்டாந்தரையில் குதிப்பதற்கும் வைக்கோற்போரின்மீது குதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்விரு நிலைகளையும்விடக் கொடியது, தடுப்பே இல்லாமல் வண்டி எதிர்த் திசைக்குப் பாய்ந்து, எதிரே வரும் வண்டியோடு முகத்துக்கு முகம் மோதுவது. அங்கே இரு வண்டிகளின் வேகமும் சேர்ந்துகொள்கின்றன. சாய்வுக் கோணத்தின் நன்மையும் கிட்டுவதில்லை.

ஸ்வீடன் நாட்டின் சோதனை

வடவேலியின் பயனை நாடு முழுவதும் பெருமளவில் பரிசோதித்துக் காட்டியது ஸ்வீடன். அந்நாட்டில் 13 மீட்டர் அகலமுள்ள நெடுஞ்சாலைகள் பல இருந்தன. போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம், இரு புறமும் அகலமான ஓரம் என்பது அவற்றின் அமைப்பு. அகலம் இருந்தமையால் ஓட்டுநர்கள் விரைந்து சென்றனர்; முந்திச் செல்வதற்காக எதிர்த் தடத்தில் ஏறினர். நேருக்கு நேர் மோதலாலும், சாலையை விட்டு விலகி ஓடியமையாலும் ஆண்டுதோறும் பலர் மாண்டனர்.

1997ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. சாலைப் போக்குவரத்தில் ஒருவரும் உயிரிழக்கவோ கடுங்காயம் அடையவோ கூடாது என்பது அதன் குறிக்கோள். மனிதர் தவறு செய்யவே செய்வர். அத்தவறு மரண தண்டனையாக முடியாதவாறு சாலையை அமைப்பது சாலையை அமைப்போர் கடமை என்பது அதன் உட்பொருள். விபத்து நேர்ந்தவுடன் ஓட்டுநர்மேல் பழி சுமத்திக் கோப்பை மூடிவிடும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது.

அக்கொள்கையின்படி எல்லாச் சாலைகளையும் நான்கு தடச் சாலைகளாக்குவதென்றால் பணமும் போதாது, காலமும் போதாது, நிலமும் வேண்டும். ஆகவே இருக்கும் 13 மீட்டரையே வேறு விதமாகப் பங்கிட்டனர். ஒரு திசைக்கு மூன்றேகால் மீட்டர் வீதம் இரண்டு தடங்கள். மறு திசைக்கு மூன்றே முக்கால் மீட்டரில் ஒரு தடம். இடையே ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் வடவேலி. இரு ஓரங்களுக்கும் முக்கால் மீட்டர் வீதம். கூட்டிப் பார்த்தால் சரியாக 13 மீட்டர். சில கிலோமீட்டருக்குள் இரட்டைத் தடம் மறு திசைக்கு மாறும். எனவே முந்திச் செல்ல விரும்புவோர் சிறிது பொறுத்திருந்தால் தமக்குரிய இரட்டைத் தடம் வந்துவிடும். எதிர்த் தடத்தில் ஏறவேண்டிய தேவையே இல்லை.

1998ஆம் ஆண்டில் யேவ்லே நகருக்கு வடக்கே ஈ-4 நெடுஞ்சாலையில் முதன்முதலாக இம்முறை செயலுக்கு வந்தது. எதிர்ப்பும் இருந்தது. ஒற்றைத் தடத்தில் வண்டி ஒன்று பழுதாகி நின்றால் போக்குவரத்தே நின்றுவிடும் என்றனர் சிலர். ஆம்புலன்ஸ் எவ்வாறு செல்லும் என்று கேட்டனர் வேறு சிலர். இவ்வளவு குறுகிய இடத்தில் வேலி வைத்தால் வண்டிகள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் என்றும் கூறப்பட்டது. கடைசியாகச் சொன்னது உண்மையே ஆயிற்று. வண்டிகள் அடிக்கடி வேலியில் மோதின, கால்கள் சாய்ந்தன, பழுது பார்க்கும் வேலை ஓயவில்லை. ஆனால் மோதியவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாமே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தனர். பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வாறு மாற்றப்பட்ட சாலைகளில் உயிரிழப்பு நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பழைய சாலையின் அகலத்துக்குள்ளேயே இவ்வளவும் நடந்தது என்பதை விவசாய அங்கத்தினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

வடமும் காலும்

வேலியின் அமைப்பை நெசவாளருக்கு விளக்குவது எளிது. வடம் என்பது முப்புரி முறுக்கு. புரி ஒவ்வொன்றிலும் ஏழு எஃகுக் கம்பிகள். ஆக இருபத்தொரு கம்பிகள். துரு ஏறாமலிருக்க அவற்றுக்குத் துத்தநாகப் பூச்சு இடப்படுகிறது. முறுக்கிய வடத்தின் கனம் 19 மில்லிமீட்டர். நம் கட்டைவிரலின் பருமன் என்று சொல்லலாம். உயர்ந்த ரக வடம் ஒன்று ஏறத்தாழ 17 டன் பாரம் வரை அறாமல் தாங்கும்.

பழைய முறையில் வடத்தை ஓரளவே இழுத்துக் கட்டினர். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தார் 1960க்குப் பின்னான ஆண்டுகளில் ஆராய்ந்து வகுத்த மெலிந்த கால் வேலி அத்தகையது. வண்டி மோதியபின் அவ்வடம் தரையில் தொய்ந்துவிடும். பழுது பார்க்கும்வரை அவ்விடத்தில் வேலி இருந்தும் இல்லாததே. பின்னர் வந்த முறையில் ஒவ்வொரு வடத்தையும் இரண்டு முதல் இரண்டரை டன் இழுப்பில் நிறுத்துகின்றனர். சில கால்கள் சாய்ந்த பின்னும் இவ்வடங்கள் பெரும்பாலும் தம் உயரத்தில் நிற்கின்றன. அடுத்து வரும் வண்டியையும் தாங்கக்கூடும்.

பாவு தளர்ந்தால் துணி கெடும், மிகையாக இழுத்தால் இழை அறும் என்பதையும், ஈரக்காற்றிலும் வெயிலிலும் பாவின் இழுப்பு மாறும் என்பதையும் நெசவாளர் அறிவர். எஃகு வடத்துக்கும் அப்படியே. 300 மீட்டர் நீளமுள்ள வடம் 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 11 செண்டிமீட்டர் நீள முயலும். இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால், நீளவேண்டிய அளவு தளர்ச்சியாக மாறுகிறது. ஆகவே வடத்தை இழுத்துக் கட்டும்போது அன்றைய வெப்பநிலையை அளந்து, அந்த வெப்பநிலைக்கு உரிய இழுப்பை அட்டவணையில் பார்த்து நிறுத்த வேண்டும். குளிர்ந்த காலை வேளையில் சரியாக இருந்த இழுப்பு சித்திரை நண்பகலில் போதாமல் போகலாம்.

கால்களின் செயல் பலருக்கு வியப்பளிக்கும். அவை வண்டியைத் தடுப்பதற்காக ஊன்றப்பட்டவை அல்ல. வடங்களை உரிய உயரத்தில் பிடித்திருப்பதே அவற்றின் முதல் வேலை. மோதும்போது ஒவ்வொன்றாகச் சாய்ந்து வேகத்தைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வது அடுத்த வேலை. கால் மிகவும் உறுதியாக இருந்தால் வண்டி அதில் சிக்கிச் சுழலும். ஆகவேதான் மெல்லிய காலை, தரையில் பதித்த கான்கிரீட் குழிக்குள் செருகி வைக்கின்றனர். சாய்ந்த காலை உருவி எடுத்துவிட்டுப் புதிய காலை அதே குழியில் இறக்கலாம். கால்களை நெருக்கி வைத்தால் வேலி விலகும் தூரம் குறையும். அகல வைத்தால் கூடும்.

வடங்களின் உயரம் பொதுவாக அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் வரை வெவ்வேறாக அமைகிறது. மிகத் தாழ்ந்தால் உயரமான வண்டி ஏறிக் கடந்துவிடும். மிக உயர்ந்தால் சிறிய காரின் சரிந்த முகப்பு கீழே நுழைந்துவிடும். இதனாலேயே ஐரோப்பிய விதிகளின்படி, சாதாரணச் சாலைத் தடுப்பை 1,500 கிலோகிராம் காரை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிப்பதோடு, 900 கிலோகிராம் சிறு காரை 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டும் சோதிக்கின்றனர். கனத்த வண்டியைத் தடுக்கும் வேலி, சிறு வண்டியில் வருவோரைக் கொல்லக் கூடாதல்லவா?

பந்தல் போடும் விவசாயி மூலைக்காலுக்கு இழுகம்பி கட்டி, அதன் முனையைக் கல்லோடு மண்ணில் புதைப்பார். வடவேலியின் இரு முனைகளிலும் அவ்வாறே கான்கிரீட் கட்டை புதைக்கப்படுகிறது. மூன்று வடங்களாயின் ஏழு டன் அளவுக்கு இழுப்பு இரவும் பகலும் அதன்மீது இருக்கும். மண் இளகலாக இருந்து அக்கட்டை சிறிதளவு நகர்ந்தாலும் வேலி முழுவதும் தளர்ந்துவிடும். முனையில் வடங்கள் சரிந்து தரைக்குள் இறங்க வேண்டும்; ஈட்டிபோல் வண்டிக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இடம் தவறினால்

நல்ல வேலியும் பொருந்தாத இடத்தில் பயன் தராது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் மேரிஸ்வில் நகரையொட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரு திசைகளுக்கும் இடையே அகலமான புல்வெளிப் பள்ளம் உண்டு. அங்கே வடவேலி இருந்தும் வண்டிகள் அதனைக் கடந்து எதிர்த் திசைக்குச் சென்று, உயிரிழப்புகள் நேர்ந்தன. 2007ஆம் ஆண்டில் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தபின், அப்பகுதியில் கான்கிரீட் தடுப்பு அமைக்க முடிவு செய்யப்பட்டது.

சரிவில் வேலி வைப்பதன் இடர் எளிதில் விளங்கும். சரிவில் இறங்கும் வண்டி முதலில் அந்தரத்தில் தாவுகிறது. பின்பு பள்ளத்தின் அடியை அடையும்போது அதன் முகப்பு அமுங்குகிறது. அமுங்கும் இடத்துக்கு அருகே வேலி இருந்தால் வண்டி வடத்துக்குக் கீழே புகுந்துவிடும். ஆகையால் ஆறடிக்கு ஓரடிக்கு மேல் சரியும் நிலத்தில் இவ்வேலியை வைப்பதில்லை. பள்ளத்தின் அடிக்கு மிக அருகிலும் வைப்பதில்லை. வேலிக்குப் பின்னால் அது விலகிக்கொடுக்கும் தூரத்துக்குள் மரமோ விளக்குத் தூணோ இருத்தலும் ஆகாது. வண்டி வேலியோடு சென்று அதில் மோதும். இடமே இல்லாத பாலங்களிலும், கனத்த லாரிகள் நிறைந்த குறுகிய சாலைகளிலும் கான்கிரீட் சுவரே தக்கது. வடவேலி எல்லா நோய்க்கும் மருந்து அன்று.

இரு சக்கர வண்டிகள்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இவ்வேலியை அஞ்சுகின்றனர்; வடம் உடலை அறுத்துவிடும் என்ற அச்சம் பல நாடுகளில் பேசப்படுகிறது. ஸ்வீடனில் வடவேலி அமைத்த சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் இடரும் குறைந்ததாகவே மேற்கூறிய அறிக்கை தெரிவிக்கிறது. நேருக்கு நேர் மோதல் நின்றதே அதன் காரணம். ஆயினும், வண்டியிலிருந்து விழுந்து சறுக்கி வருபவருக்கு வேலியின் கால்கள் இடர் தருவன என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் 2022இல் சாலையில் மாண்டவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். எனவே ஸ்வீடனின் கணக்கை அப்படியே இங்கே பெயர்த்து எழுதிவிடுதல் பொருந்தாது. இரு சக்கர வண்டிகள் மிகுந்த இடங்களில் கால்களின் அமைப்பையும் அடிப்பாகத்தில் காப்பையும் தனியே ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 119 என்ற நெறிமுறை, வடவேலி, தகட்டு வேலி, கான்கிரீட் தடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்துக் கூறுகிறது. எவ்விடத்துக்கு எது என்று தேர்வதற்கு வழி இருக்கிறது.

பராமரிப்பே பாதி

சங்கங்களின் சொத்துப் பதிவேட்டைப் புரட்டுவோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. வாங்கிய நாளில் எழுதிய பொருள் ஏட்டில் இருக்கும். கிடங்கில் சென்று பார்த்தால் அது ஓடாத நிலையில் இருக்கும். வடவேலிக்கு இந்நிலை வந்தால் அது வீண் செலவோடு நில்லாது. காப்பு இருக்கிறது என்று நம்பி வருவோரை ஏமாற்றவும் செய்யும். கான்கிரீட் தடுப்பைவிட இதனை அமைக்கும் செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் செலவு உண்டு. அமைக்கும் ஒப்பந்தத்தோடு, பழுது பார்ப்பதற்கான ஆளும், மாற்றுக் கால்களும், ஆண்டுதோறும் இழுப்பை அளப்பதற்கான பணமும் ஒதுக்கப்படவில்லையாயின் அமைக்காமலிருத்தலே நேர்மை.

பொதுமக்களின் பங்கும் இதில் உண்டு. சாலையின் இரு புறமும் நிலம் உள்ளவர்களுக்கு நடுவேலி இடையூறே. எதிர்ப்புறத்து வயலுக்கு டிராக்டரைக் கொண்டுசெல்ல, திறப்பு உள்ள இடம் வரை சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை பொய்யன்று. அதனைத் தீர்ப்பதற்குச் சாலை திட்டமிடும்போதே சுரங்கவழியும், பக்கச் சாலையும், முறையான திறப்பும் கேட்டுப் பெற வேண்டும். அக்கோரிக்கையை ஒருவர் தனியே எழுதினால் கோப்பில் உறங்கும். சங்கத்தின் பொதுக்குழு தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பினால் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். அதனை விடுத்து, வசதிக்காக ஓரிடத்தில் வடத்தை அறுத்துவிட்டால், அறுத்த இடத்தில் மட்டுமின்றி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வடம் முழுவதும் தளர்ந்துவிடும்.

நமது பகுதிச் சாலையில் இத்தகைய வேலி அமையுமாயின், அங்கத்தினர்கள் ஐந்து செய்திகளைக் கவனித்தல் நலம். வடங்கள் தொய்வின்றி நிற்கின்றனவா? சாய்ந்த கால்கள் எத்தனை நாட்களாக அப்படியே கிடக்கின்றன? வேலிக்குப் பின்னால் அது விலகுவதற்கு இடம் இருக்கிறதா? முனைகள் தரைக்குள் இறங்கியிருக்கின்றனவா? ஆம்புலன்ஸ் கடப்பதற்கு, வடத்தைக் கழற்றத்தக்க இடம் எங்கே இருக்கிறது என்பது அவ்வூர்ப் போலீசாருக்கும் தீயணைப்பு நிலையத்தாருக்கும் தெரியுமா? இவற்றுள் ஒன்று குறைவாகக் காணப்பட்டாலும், இடத்தையும் தேதியையும் குறித்து, சங்கத்தின் வாயிலாக நெடுஞ்சாலைத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நம் சரக்கை ஏற்றிக்கொண்டு அன்றிரவே அவ்வழியாக ஒரு லாரி செல்லவிருக்கிறது.